இரைச்சலை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

பழைய கேசட் பதிவுகளை மறுவெளியீடு செய்யும் இசை நிறுவனங்களுக்கும், அவற்றைச் சீர்செய்து கொடுக்கும் ஒலிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருக்கிறீர்கள். தமிழில் எழுதும் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்தான். பரவாயில்லை. நீங்கள் வெளியிடும் ஆல்பங்களைக் கேட்கிறவர்கள் இந்தப் பக்கமும் இருக்கிறோம். எங்களுக்குள்ளாவது பேசி வைப்போம் என்றுதான் எழுதுகிறேன். யாராவது மொழிபெயர்த்து அனுப்பினால் சந்தோஷம்.

விஷயம் லோ-ஃபை இண்டி ஆல்பங்களைப் பற்றியது. இன்றைக்கு லோ-ஃபை என்று சொன்னாலே, பரீட்சைக்குப் படிக்கும்போது ஓடவிடும் மெதுவான பீட்ஸ்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. நான் சொல்வது அது இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி பாடகர்கள், ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாமலோ போகப் பிடிக்காமலோ, படுக்கையறையிலும் பேஸ்மென்டிலும் உட்கார்ந்து கேசட் ரெக்கார்டரில் பாடிப் பதிவு செய்தார்களே, அந்த ஆல்பங்கள். டேனியல் ஜான்ஸ்டன், கைடட் பை வாய்சஸ், செபடோ, மவுண்டன் கோட்ஸ், எலியட் ஸ்மித்தின் முதல் ஆல்பம் என்று வரும் அந்த வரிசை.

நான் கேட்பது இவ்வளவுதான். இவற்றை மறுபடி வெளியிடும்போது டேப்பின் இரைச்சலைத் துடைக்காதீர்கள். துடைத்தே ஆக வேண்டும் என்றால், துடைத்ததை இன்னொரு பதிப்பாக விடுங்கள். பழையதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைக்காதீர்கள். நான் பாட்டுக்காரனும் இல்லை, ஒலிப் பொறியியல் படித்தவனும் இல்லை, வெறுமனே கேட்கிறவன். அதனால் கேட்கும்போது எனக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் பேச முடியும்.

மவுண்டன் கோட்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2002இல் வந்த 'ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்சாஸ்' ஆல்பத்தை அதன் பாடகர் ஜான் டார்னியல் தனி ஆளாக, பானசோனிக் ஆர்எக்ஸ்-எஃப்டி500 என்ற பூம்பாக்ஸில் பதிவு செய்தார். பூம்பாக்ஸ் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் கைப்பிடி வைத்து ஒரு டூ-இன்-ஒன் இருந்ததே, அதே ஜாதி. மைக் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கேசட்டைச் சுற்றும் மோட்டாரும் அதே பெட்டிக்குள், பக்கத்திலேயே இருக்கும். அதனால் ஆல்பம் முழுக்கக் கிடாருக்கும் குரலுக்கும் அடியில் அந்த மோட்டார் அரைத்துக்கொண்டே இருக்கிறது. துபாய்க்கும் சவுதிக்கும் போய்வந்தவர்கள் வாங்கிவந்த நேஷனல் பானசோனிக்கில், ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தி, வீட்டுப் பிள்ளைகளைத் திருக்குறள் சொல்ல வைத்துப் பதிவு செய்த குடும்பங்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். குழந்தையின் குரலை விட மோட்டார்தான் அதில் தெளிவாக இருக்கும்.

இப்படிப்பட்ட பெட்டிகளில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் ஒரு சர்க்யூட் உண்டு. சத்தம் அதிகமானால் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். சத்தம் குறைந்தால் எல்லாவற்றையும் தூக்கிவிடும். டார்னியலோ கத்திப் பாடுகிற ஆள். ஒரு வரியைத் தொண்டை கிழியப் பாடிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவார். அந்த இடைவெளியில் மோட்டார் மேலே எழும். அடுத்த வரி வந்து அதை மறுபடி அமுக்கும். வரிக்கு வரி இது நடக்கிறது. யாரும் எழுதி வைத்த தாளம் இல்லை இது. ஆனால் நான் இந்தப் பாட்டுகளைச் சமையலறையில் முணுமுணுக்கும்போது மோட்டாருக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் முணுமுணுக்கிறேன். அதை எடுத்துவிட்டால் என் காதுக்குப் பாட்டு தடுக்கி விழும்.

2013இல் மெர்ஜ் நிறுவனம் இந்த ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து, அதாவது முடிந்த பதிவின் ஒலியை மறுபடி சீராக்கி, கூடுதல் பாட்டுகளோடு மறுபடி வெளியிட்டது. மோட்டாரை விட்டுவைத்திருந்தார்கள். ஆக, இது செய்யக்கூடிய காரியம்தான்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான உதாரணம், ஏனென்றால் செய்தவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். எலியட் ஸ்மித்தின் 'ரோமன் கேண்டில்' 1994இல் வந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில், அதாவது நாலு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் மெஷினில், பதிவு செய்த பாட்டுகள். ஸ்மித் அதை ஆல்பமாக நினைத்துச் செய்யவில்லை. டெமோவாக, ஒரு மாதிரிப் பதிவாகத்தான் போனது, கேட்ட நிறுவனம் முழுவதையும் அப்படியே போடலாம் என்றது. அரை மணி நேர ஆல்பம். ஏறக்குறைய காதோடு பேசுகிற குரல், அதற்குச் சரியாக ஒரு கிடார், சில இடங்களில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாத்தியம்.

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பியில் விரல் வழுக்குகிற சத்தம். கிடாரின் தடித்த கம்பிகள் மேல் இன்னொரு மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். விரல் ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குப் போகும்போது அந்தச் சுற்றில் உரசி 'க்ரீச்' என்று கேட்கும். ஸ்மித்தின் கை ஓயாமல் நகரும் கை. கார்டு வந்து விழுவதற்குச் சற்று முன்பாகவே இந்தக் க்ரீச் வந்துவிடும். சில தடவை கேட்ட பிறகு, க்ரீச் எவ்வளவு நீளம் என்பதை வைத்தே கை எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். நீளமாக இருந்தால் மேலே எங்கோ போகிறது, குரலும் கூடப் போகப் போகிறது. நான் கிடார் தொட்டதில்லை. ஆனாலும் அந்த இடத்தில் என் இடது கை விரல்கள் தானாக மடங்கும். ஹெட்போனில் கேட்கும்போது அந்த உரசல் சில இடங்களில் குரலை விடப் பெரிதாக இருக்கும், அதுவும் உண்மை.

2010இல் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனம் இதை மறுபடி வெளியிட்டது. ரீமாஸ்டர் செய்தவர்களில் ஒருவர் லாரி கிரேன். 'டேப் ஆப்' பத்திரிகையை நடத்துகிறவர், போர்ட்லண்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஸ்மித்தோடு வேலை செய்தவர், ஸ்மித் இறந்த பிறகு அவருடைய டேப்புகளைப் பாதுகாத்து வருபவர். ஆக, யாரோ வெளியாள் இல்லை. விரல் உரசல்கள் காதைக் குத்துகிற அளவுக்குச் சத்தமாக இருக்கின்றன, 'ஸ'காரங்கள் பிராண்டுகின்றன, அவற்றைக் குறைத்தால் பாட்டு கேட்க இதமாக இருக்கும் என்று நினைத்ததாக அவரே எழுதினார். நாலு டிராக் கேசட்டின் தடங்களைப் புதிதாகக் கலந்து மிக்ஸ் செய்யவில்லை, பழைய மிக்ஸின் மேல்தான் கை வைத்தோம் என்பதையும் சொல்லிவிட்டார். செய்ததை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்காகவே அவரைக் கும்பிடலாம். உங்களில் பலர் 'புதிதாக ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்ற ஒரு வரி ஸ்டிக்கரோடு முடித்துக்கொள்கிறீர்கள்.

ஆனால் எனக்கு அந்தப் பதிப்பு ஒட்டவில்லை. உரசல் முழுதாகப் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. குரல் முன்னை விட வழவழப்பாக இருக்கிறது. ஏதோ நல்ல ஆல்பம் கேட்கிறேன் என்று தோன்றுகிறது. பழையதில் அப்படித் தோன்றாது. ஒரு ஆள் கேட்கக் கூடாத தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு கூச்சம் வரும். நள்ளிரவுக்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். அந்தக் கூச்சம்தான் எனக்கு அந்த ஆல்பம். இதமாக்கியதில் அது போய்விட்டது.

நீங்கள் செய்யும் வேலையின் சிக்கல் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. கேசட்டின் 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல் மேல்ஸ்தாயியில்தான் அதிகம் காதில் படும். 'ஸ', 'ஷ' எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சிம்பலின் சிலிர்ப்பு அங்கே. விரல் உரசல் அங்கே. மூச்சை இழுக்கிற சத்தம் அங்கே. மென்பொருளிடம் பாட்டு இல்லாத ஒரு துண்டைக் காட்டி, 'இதுதான் இரைச்சல், மற்ற இடத்திலெல்லாம் இதைக் கழி' என்று சொல்கிறீர்கள். அது கழிக்கும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். அதிகமாகக் கழித்தால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஒரு கொப்பளிப்பு வரும். அதை மறைக்க இன்னொன்று செய்ய வேண்டும். இதெல்லாம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒலி அளவில்தான். மற்ற பாட்டுகளின் பக்கத்தில் வைத்தால் இது சன்னமாகக் கேட்கிறதே என்று மொத்தமாகத் தூக்குகிறீர்கள். தூக்கினால் சீறலும் சேர்ந்து ஏறுகிறது. ஏறியதைத் துடைக்கிறீர்கள். தூக்காமலே இருந்திருக்கலாம். ஒலியைக் கூட்ட என் போனில் ஒரு பட்டன் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பதிவிலிருந்து இரைச்சலை எடுக்க 'ஆர்எக்ஸ்' என்ற மென்பொருளை விற்கும் ஐசோடோப் நிறுவனமே, சுத்தமான பதிவின் மேல் பழைய ரெக்கார்டின் தூசியையும் கீறலையும் தூவ 'வினைல்' என்று இன்னொரு மென்பொருளும் வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன மெதுவான பீட்ஸ்களில் கேட்கும் கரகரப்பில் பெரும்பகுதி இப்படித் தூவியதுதான். உண்மையான டேப்பில் இருக்கும் சத்தத்தைக் கழுவி ஊற்றிவிட்டு, டேப்பையே பார்க்காத பாட்டின் மேல் அதே சத்தத்தைத் தெளித்து விற்கிறோம்.

சரி, எல்லா லோ-ஃபை ஆல்பமும் அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. செபடோவின் 1991 ஆல்பம் 'III'இல் 23 பாட்டுகள். எனக்கு அதில் பாதி போதும். மீதியில் சோம்பேறித்தனத்துக்கும் துணிச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல் விட்டிருக்கிறார்கள். குழுவின் லூ பார்லோ தனியாக உட்கார்ந்து பாடியவை வரும்போது நிமிர்ந்து உட்காருவேன். கூச்சல் வந்தால் தாண்டிவிடுவேன். இரைச்சல் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால் எதைத் தாண்டுவது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

'பீ தவுசண்ட்' என்ற ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கைடட் பை வாய்சஸ், ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். குழுவின் பாடகர் ராபர்ட் போலார்ட் நாலாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். நண்பர்களோடு கராஜிலும் பேஸ்மென்டிலும் நாலு டிராக் மெஷினில் பதிவு செய்து வந்தார். 1994இல் இந்த ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 36. இருபது பாட்டுகள், மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள். பல பாட்டுகள் இரண்டு நிமிடத்தைக் கூடத் தொடாது. ரேடியோவில் ஸ்டேஷன் தேடும்போது ஒரு அருமையான பாட்டு காதில் பட்டு, முள் நகர்ந்து, போய்விடுமே, அப்படி இருபது தடவை நடக்கிறது. முதல் பாட்டிலேயே ஒரு கிடாரின் சத்தம் நடுவில் அறுந்து போகிறது. யாரும் நிறுத்தவில்லை, திருப்பி வாசிக்கவில்லை, அப்படியே ஆல்பத்தின் வாசலில் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த இடத்தில் முதலில் வருவது சிரிப்பு. அப்புறம் ஒரு தைரியம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நண்பர்களோடு பீர் குடித்துக்கொண்டு, பீட்டில்ஸுக்கு நிகராகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆள், கிடார் சத்தம் அறுந்ததற்காக ஒரு நல்ல பதிவை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். இன்றைய கருவிகளை வைத்து அந்த ஓட்டையை அடைப்பது உங்களுக்குச் சில நிமிட வேலை. முன்னால் இருக்கும் கிடாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு சுலபம் என்பதுதான் என் பயமே.

நாலு டிராக் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த ஆல்பங்களின் சத்தம் இன்னும் நன்றாகப் புரியும். 1979இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144ஐ விட்டது. சாதாரண கேசட்தான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பிரித்து வைத்திருந்த நாலு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தும். கேசட் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். நாலு தடமும் நிரம்பிவிட்டால்? மூன்றை ஒன்றாகக் கலந்து நாலாவது தடத்தில் இறக்க வேண்டும். மூன்று தடம் காலியாகும். மறுபடி நிரப்பலாம். ஆனால் இறக்கியதை இனிப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் சீறல் ஒரு படி ஏறும், பளிச்சென்ற சத்தம் ஒரு படி மங்கும். அதனால் எதை முதலில் வாசிப்பது, எது மங்கினால் பரவாயில்லை, எது கடைசியில் புதிதாக நிற்க வேண்டும் என்று அவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். ஒரு பாட்டில் டிரம் தூரத்தில் மூட்டமாகவும் குரல் முகத்துக்கு நேராகவும் இருந்தால், அந்த வரிசையில் அவை பதிவானதுதான் பெரும்பாலும் காரணம். மங்கிய டிரம்மை நீங்கள் மென்பொருள் வைத்துப் பிரித்து எடுத்துப் பளபளப்பாக்கினால், அன்றைக்கு அவர்கள் எடுத்த ஒரு முடிவை ரத்து செய்கிறீர்கள்.

பிரித்து எடுப்பது இப்போது நிஜமாகவே முடியும். 2023இல் வந்த பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டுக்கு ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிய எழுபதுகளின் கேசட்டிலிருந்து குரலை மட்டும் தனியாக உருவி எடுத்தார்கள். 1995இல் முயன்றபோது கைவிட வேண்டியிருந்தது. டேப்பின் இரைச்சல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் குரல் தனியாகத் தெளிவாகக் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. அது லெனன் முடிக்காமல் விட்ட பாட்டு. மீதி இருந்தவர்கள் சேர்ந்து முடித்தார்கள், புதிய பாட்டாகவே வெளியிட்டார்கள். யாருடைய ஆல்பத்தையும் அது இடம்பெயர்க்கவில்லை. 'பீ தவுசண்ட்' முடிந்துபோன ஆல்பம். அதற்கு மீதி எதுவும் இல்லை.

உங்கள் தரப்பில் ஒரு வாதம் எப்போதும் வரும்: அவர்களுக்குக் காசு இருந்திருந்தால் நல்ல ஸ்டூடியோவுக்குத்தான் போயிருப்பார்கள், நாங்கள் அவர்கள் ஆசைப்பட்டதைத்தான் செய்கிறோம். சிலர் விஷயத்தில் இது சரியாகவே இருக்கலாம். 'ரோமன் கேண்டில்' விஷயத்தில்கூட, ஸ்மித் அதை ஆல்பமாகத் திட்டமிடவில்லை என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்டூடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் கிறிஸ் நாக்ஸ், தன் டாய் லவ் குழுவோடு சிட்னியில் பெரிய ஸ்டூடியோவில் 1980இல் ஆல்பம் செய்தார். வந்த சத்தம் குழுவுக்கே பிடிக்கவில்லை. குழு கலைந்தபிறகு அவர் ஒரு நாலு டிராக் டியாக் மெஷினை வைத்துக்கொண்டு தன் பாட்டுகளையும், ஃப்ளையிங் நன் நிறுவனத்தின் ஆரம்பக் காலக் குழுக்களையும் பதிவு செய்தார். த கிளீன் குழுவின் முதல் இபி, சில பாட்டுகள் மட்டும் கொண்ட சின்னத் தட்டு, அப்படி வந்ததுதான். காசு இல்லாதது பாதிக் கதை.

இண்டி இல்லாத ஆளையும் ஒருவரைச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்குக் காசுக்குக் குறைவே இல்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், இதே போர்ட்டாஸ்டூடியோவில் இரண்டு மைக் வைத்துப் பாடினார். குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி, அவ்வளவுதான். பிறகு நியூ யார்க்கில் முழுக் குழுவோடும் பதிவு செய்து பார்த்தார்கள். திருப்தி இல்லை. கடைசியில் பெட்டி கூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். அதை இசைத்தட்டில் வெட்டுவதற்குள் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். குழுவோடு வாசித்த பதிவுகள் 43 வருடம் கழித்து, 2025இல், தனித் தொகுப்பில் வந்தன. இரண்டையும் கேட்டேன். குழு வாசித்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. கேசட்டை ஒதுக்கிவிட்டு அதை யாரும் வைக்கவில்லை என்பதால் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் ரசிக்க முடிந்தது.

கார் சீட் ஹெட்ரெஸ்டின் வில் டொலிடோ இதை இன்னும் அழகாகச் செய்தார். 2011இல் லேப்டாப்பில் தனியாகச் செய்த 'ட்வின் ஃபேன்டசி'யை, 2018இல் குழுவோடு முழுக்கத் திரும்பப் பதிவு செய்து மேட்டடார் நிறுவனம் வழியாக வெளியிட்டார். பழையதையும் தனிப் பெயர் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்தார். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். என் தங்கை புதியதுதான் ஆல்பம், பழையது ஒத்திகை என்பாள். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் ஓய்வதாக இல்லை. சண்டை போட இரண்டும் இருக்கிறதே, அது போதும்.

டேனியல் ஜான்ஸ்டன் விஷயம் வேறு மாதிரி. டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்தில், வேலை பார்த்த மெக்டொனால்ட்ஸ் கடையிலும் தெருவிலும் தன் கேசட்டுகளை ஆட்களின் கையில் திணித்தவர். ஆரம்பத்தில் கேசட்டை நகல் எடுக்க அவரிடம் வசதி இல்லை. யாராவது கேட்டால் ஆல்பம் முழுவதையும் உட்கார்ந்து மறுபடி பாடிக் கொடுப்பார். அப்படியென்றால் எது அசல்? ஒரு ஆளிடம் இருக்கும் கேசட்டும் இன்னொருவரிடம் இருப்பதும் ஒன்று இல்லை. உங்கள் தொழிலில் 'மாஸ்டர்' என்று ஒரு மூலப் பதிவை வைத்துக்கொண்டுதான் எல்லாமே தொடங்குகிறது. இங்கே அதுவே இல்லை. 1983இன் 'ஹை, ஹவ் ஆர் யூ' கேட்கும்போது மூச்சிரைக்கும் சின்ன ஆர்கன், விசைகள் அமுங்கும் 'டப் டப்', உடைந்த குரல், சட்டென்று நின்று போகும் டேப் எல்லாம் ஒரே கனத்தில் வருகின்றன. எது பாட்டு, எது சுற்றி இருந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பல நாள் கேட்க முடியாமல் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மனம் உடைந்துகொண்டிருக்கிற ஒருவரின் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். அதைக் கேட்க வசதியாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இந்த ஆல்பத்தின் அட்டையில் அவர் வரைந்த தவளையை ஆஸ்டினில் ஒரு இசைக்கடைச் சுவரில் 1993இல் பெரிதாக வரைந்தார். கடை போய், உணவகம் வந்தபோது சுவரை இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் பேசிப் பேசி, உணவகம் திட்டத்தை மாற்றிக்கொண்டு சுவரை விட்டுவைத்தது. தவளை இன்னும் இருக்கிறது.

இனி என் சொந்தக் குறை. நான் மாதச் சந்தா கட்டும் ஒரு செயலியில் சேமித்து வைத்திருந்த ஒரு வீட்டுப் பதிவு ஆல்பம், ஒரு நாள் மாறிப்போயிருந்தது. பெயர் அதேதான், அட்டை அதேதான். முதல் பாட்டுக்கு முன்னால் நாற்காலி நகரும் சத்தமும், யாரோ பக்கத்து அறையிலிருந்து ஏதோ கேட்பதும், 'ம்' என்று பாடகர் பதில் சொல்வதும் இருக்கும். அதைக் காணோம். நேராகக் கிடார். பட்டியலில் தேடினேன், பழையது எங்கேயும் இல்லை. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தால் யாரும் என் அலமாரிக்கு வந்து முதல் பதிப்பை எடுத்துக்கொண்டு போவதில்லை. இங்கே சத்தமில்லாமல் அது நடந்துவிட்டது. என் வருத்தம் அந்த மூன்று நொடிக்காக மட்டும் இல்லை. இனிமேல் புதிதாக வந்து கேட்கிறவர்களுக்கு அப்படி மூன்று நொடி இருந்ததே தெரியாது.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடமும் இருக்கிறது. கேசட் நிரந்தரமான பொருள் இல்லை. நாடா நொய்ந்துபோகும், பூஞ்சை பிடிக்கும், ஒரு சுற்றில் இருக்கும் சத்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு நிழல் போலக் கேட்கும். நேரத்தோடு டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் இரைச்சலும் மிஞ்சாது, பாட்டும் மிஞ்சாது. ஃப்ளையிங் நன் தன் மாஸ்டர் டேப்புகளை நியூசிலாந்தின் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்திடம் பாதுகாக்கக் கொடுத்தது போல மற்றவர்களும் கொடுத்தால் நல்லது. நல்ல மெஷினில், நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சரியான கோணத்தில் திருப்பி, சரியான வேகத்தில் ஓட்டி எடுப்பது பெரிய கைவேலை. நான் துடைக்காதீர்கள் என்று சொல்வது அதற்குப் பிறகு நடப்பதைத்தான்.

எனவே, ஓட்டி எடுத்ததை அப்படியே ஒரு பதிப்பாக வைத்துவிடுங்கள். துடைத்த பதிப்பும் வேண்டுமென்றால் அதற்கு வேறு பெயரோ, ஒரு வருடமோ போட்டுப் பக்கத்தில் வையுங்கள். கிரேன் எழுதியது போல, என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று நாலு வரி எழுதுங்கள். பாடியவர் உயிரோடு இருந்தால் ஹெட்போனைக் கொடுத்து இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். அவர் துடைக்கச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லாதவர்கள் விஷயத்தில் கொஞ்சம் தயங்குங்கள். ஸ்டாப் பட்டன் 'டக்'கென்று விழுகிற இடத்துக்கு முன்னால் வெட்டாதீர்கள், பாட்டு அங்கேதான் முடிகிறது.

இரண்டு பதிப்பு வைத்தால் யார் வாங்குவார்கள் என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கும். இந்த வகைப் பாட்டுக் கேட்கிறவர்கள் ஏற்கனவே ஒரே ஆல்பத்தைக் கேசட்டிலும் ரெக்கார்டிலும் சிடியிலும் வாங்கி வைத்திருக்கிற பைத்தியங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். 'ரோமன் கேண்டில்' இரண்டு விதமாகவும் ஒரே உறையில் வந்தால், தபால் செலவையும் சேர்த்துக் கட்டி நானே ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்